தலை வெட்டிய பாட்டு

பாட்டை அறுத்துப் பார்க்கிறவனுக்குப் பாட்டு வராது என்று என் தங்கை சொல்வாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். "நானும்தான் தினம் நூறு பேர் ரத்தத்தைப் பிரிச்சுப் பாக்கறேன். அதுல ஆளா தெரியுது? சர்க்கரைதான் தெரியுது" என்பாள். அவள் சொல்லி நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்?

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் போட்ட மெட்டுக்கு நோட்ஸ் எழுதிப் பிழைக்கிறேன். யாராவது ஒரு இசையமைப்பாளர் வாயால் முனகி அனுப்புவார். அதைக் கேட்டு வயலினுக்கு ஒரு தாள், செல்லோவுக்கு ஒரு தாள், புல்லாங்குழலுக்கு ஒரு தாள் என்று பிரித்து எழுதிக் கொடுப்பேன். கையெழுத்து என்னுடையது, பெயர் அவருடையது. நாற்பத்தேழு வயதில்தான் எனக்கென்று ஒரு படம் வந்தது. சின்னப் படம், மொத்தமே ஒரு பாட்டுதான். ஆனால் திரையில் 'இசை' என்று போட்டு அதன் கீழே என் பெயர் வரும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு என்று முடிவாகிவிட்டது.

இதற்கிடையில் என் அறையில் ஒரு சத்தம்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் கேட்கும். டக், டக். இரண்டே தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து வரும். ராத்திரியில் கேட்டிருந்தால் பயந்து தொலைத்திருப்பேன். பட்டப்பகலில், கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது வந்ததால் முதலில் கோபம்தான் வந்தது. ஜன்னல் கதவுக்குக் காகிதம் மடித்துச் செருகினேன். குழாயை இறுக்கினேன். மேல் மாடித் தையல்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"சார், என் மெஷின் ரெண்டு தட்டு தட்டிட்டு நின்னா நான் எப்படிச் சாப்பிடறது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

அந்த நாற்காலி மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை, ஆனால் காது என்றால் அப்படிப்பட்ட காது. எனக்கு ஒருநாள் சொந்தமாக மெட்டுப் போட வேண்டும் என்ற ஆசை. அவருக்கு மெட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. எட்டு வருஷம், ஞாயிறு தவறாமல், மூன்று மணிக்கு வந்து எதிரே உட்காருவார். ஒரு கீர்த்தனை, அதே ராகத்தில் ஒரு சினிமாப் பாட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பிரிப்போம். எங்கள் பாஷையில் அதற்கு போஸ்ட்மார்ட்டம் என்று பெயர்.

வார்த்தைகளை எடுத்துவிட்டு ஸ்வரத்தை மட்டும் எழுதுவோம். அதன் கீழே, மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று ஒரு வரி. அதற்கும் கீழே தாளம். கடைசி வரி மாப்பிள்ளை பிடிவாதமாகச் சேர்த்தது: எங்கெங்கே சும்மா இருக்கிறார்கள் என்று. "மச்சான், பாடினதை யார் வேணா எழுதலாம். எங்க வாயை மூடிக்கிட்டாருன்னு எழுதினாத்தான் ஆள் யாருன்னு பிடிபடும்" என்பார். அப்படித்தான் கற்றோம். கீர்த்தனை எழுதினவர் ராகத்தின் உயிரான ஸ்வரத்தை மூன்றாவது வரி வரை தொடாமல் நம்மை ஏங்க வைத்ததைக் கண்டுபிடித்தோம். சினிமாக்காரர் ஒருவர் முதல் தடவை பேஸின் 'ஸ' மேல் நிறுத்திய வரியை இரண்டாம் தடவை 'ம' மேல் நிறுத்தியிருந்தார். மெட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்த வரி அழுதுவிட்டது. நான் கீபோர்டில் இரண்டு மாதிரியும் வாசிப்பேன். மாப்பிள்ளை கடையில் கேட்பதுபோலவே கேட்பார்: "இது தெளிவா இருக்கா? இப்போ? முதல் கண்ணாடியா, ரெண்டாவதா?"

பதினாலு மாதத்துக்கு முன்னால், ஒரு வாடிக்கையாளரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டாவது பாட்டில் பாதியில் இருந்தோம். அதை நான் முடிக்கவில்லை. நாற்காலியையும் நகர்த்தவில்லை.

படத்துக்கு மெட்டு வேண்டும் என்று டைரக்டர் கேட்டு மூன்று வாரம் ஆகியும் எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் நான் அறுத்துப் பார்த்த பாட்டுகளின் கை, கால்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கீபோர்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டக், டக். நிமிர்ந்தேன். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தேன். பிறகு கை தானாக வாசிக்க ஆரம்பித்தது. சாருகேசி ராகம். பல்லவி முழுவதும் ஒரே ஓட்டத்தில் வந்தது. தாளத்தில் முதல் தட்டு விழுந்து, அரை எண்ணிக்கை தள்ளி ஆரம்பிக்கும் மெட்டு. கதவைத் திறந்து உள்ளே வரலாமா என்று தயங்கி, அப்புறம் வருகிற மனிதர்போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்ததற்கு இது போதும் என்று நினைத்தேன்.

டைரக்டர் கேட்டுவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். "சார், இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார்.

பதிவுக்கு முந்தைய திங்கள்கிழமை வயலின் தாள்கள் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பழக்க தோஷத்தில் என் மெட்டையும் போஸ்ட்மார்ட்டம் செய்தேன். மெட்டுப் போடுகிற எல்லோருக்கும் உள்ள பயம்தான்: இது எங்கேயோ கேட்டதாக இருந்துவிட்டால்? நானூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு ஸ்வரத்தை எழுதினேன். பிறகு எங்கள் நோட்டுப் புத்தகங்களில் சாருகேசியில் இருந்த பக்கங்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் பத்தொன்பது. பதினாறு வரை நிம்மதியாக இருந்தது.

பதினேழாவது, முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கம். அதே ஸ்வரங்கள், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. தாளக் கோடுகள் மட்டும் அரை எண்ணிக்கை தள்ளி விழுந்திருந்தன. பக்கம் முழுக்கச் சிவப்பு மசி, என் கையெழுத்து. பதினோரு இடத்தில் சுழித்திருந்தேன். கீழே எழுதியிருந்தேன்: 'நொண்டிக் குதிரை. தாளத்தில் ஏறவே இல்லை.'

மாப்பிள்ளை தன் வாழ்நாளில் போட்ட ஒரே மெட்டு அது.

நான் அதை மறந்தே போயிருந்தேன். மெட்டைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிரே பாட அவருக்கு வெட்கம். நான் டீ போடச் சமையலறைக்குப் போன சமயம் பார்த்து என் ரெக்கார்டரில் பாடி வைத்துவிட்டு, "ராத்திரி கேளுங்க மச்சான். தயவு தாட்சண்யம் பாக்காதீங்க, மத்தவங்க பாட்டு மாதிரியே அறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அறுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கு முன்னால் வரும் இருமல், நாற்காலி இழுக்கும் ஓசை எதுவும் எனக்கு ஆகாது. கம்ப்யூட்டரில் போட்டு, குரல் எழும் இடத்தில் கோடு கிழித்து, அதற்கு முன்னால் உள்ளதை அழித்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன். அதற்குத் 'தலை வெட்டு' என்று பெயர் வைத்திருந்தேன். அன்றைக்கும் வெட்டினேன். வெட்டிய இடத்தை முதல் தாளமாக எண்ணினேன். நீள ஸ்வரம் ஒவ்வொன்றும் இரண்டு தட்டுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் அரை எண்ணிக்கை குறைந்து முடிந்தது. அடுத்த ஞாயிறு நகல் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார், சிரித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. டக், டக். எனக்கு மூன்றடி தூரத்தில், அந்த மேசை விளிம்பில். சட்டைகூடப் போடாமல் மாடி ஏறித் தையல்காரர் கடையில் போய் உட்கார்ந்தேன். "அளவெடுக்கணுமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அளவெடுத்தார்.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இல்லை. கிழித்துப் போட்டால் முடிந்தது. தங்கையிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவோம். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோம் என்றுதான் புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்திருந்தேன்.

அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதமாக அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே கிடையாது.

"என் படத்துப் பாட்டு. கேக்கறியா?" என்று போனை மேசையில் வைத்துக் கீபோர்டில் வாசித்திருந்ததைப் போட்டேன்.

முதல் வரி முடியும் முன்பே அவள் கை நின்றுவிட்டது. "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். "மொதல்லேருந்து போடு." போட்டேன். மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். "அண்ணா, இது சரியா ஆரம்பிக்கல."

"ஏன், என்ன?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். நடுவிரலை மடக்கி மேசை மேல் தட்டினாள். டக், டக். ஒரு மூச்சு விட்டாள். பிறகு பாட ஆரம்பித்தாள். ஸ்வரம் தெரியாது, சுருதி தெரியாது. ஆனால் அரை எண்ணிக்கை தள்ளி, மிகச் சரியான இடத்தில் எடுத்தாள்.

"இந்த ரெண்டு தட்டு என்ன?" என்று கேட்டேன்.

"அவர் தட்டாம ஆரம்பிக்கவே மாட்டாரே. ரெண்டு தட்டு, ஒரு மூச்சு, அப்புறம்தான் வாய் திறக்கும். காலையில குளிக்கும்போது வாளியில தட்டுவார். சாப்பாட்டு மேசையில தட்டுவார். ஒருநாள் கடையில கஸ்டமர் தலையிலகூடத் தட்டிட்டேன்னு வந்து சிரிச்சார்."

"என் ரூம்ல ஒருநாளும் தட்டினதே இல்ல."

"உன் ரூம்ல நீதான ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுவ? நீ எண்ணும்போது வேற யாரு எண்ண முடியும்?"

கம்ப்யூட்டர் திரையில் அன்றைக்குப் பார்த்த இரண்டு கூரான கோடுகள் ஞாபகம் வந்தன. மேசையில் கை பட்ட சத்தம் என்று நினைத்து வெட்டி எறிந்தவை. அவர் எனக்காகத்தான் தட்டியிருக்கிறார், எங்கிருந்து எண்ண வேண்டும் என்று. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். என் கதையில் குதிரை நன்றாகத்தான் இருந்தது. ஏறத் தெரியாதவன் நான்.

பையிலிருந்து பக்கத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாது என்றால் மறைத்துவிட இருந்ததையும் சொன்னேன். அவள் சிவப்பு மசியைப் பார்க்கவே இல்லை.

"இதை நான் அப்பவே பாத்துட்டேன். மடிச்ச தாளைக் கொண்டுவந்து காட்டினார். 'மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்குக் காது மட்டும்தான் போல'ன்னு சொல்லிச் சிரிச்சார்." ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். "அதுக்கப்புறம் வாளியைத் தட்டவே இல்லண்ணா. ரெண்டு மாசம். நான் என்னமோ உடம்பு சரியில்லன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த ரெக்கார்டு இருக்கா? அவர் குரல்ல?"

"இருக்கு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்."

"பதினாலு மாசமா அவர் குரல் எங்கயாவது இருக்குமான்னு தேடிட்டிருக்கேன். பழைய போன் எல்லாம் ரிப்பேர் கடையில குடுத்துப் பாத்தேன். நீ எடுத்து வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்க."

மறந்துவிட்டேன் என்பது பாதி உண்மை. அந்தச் சிவப்பு மசி எனக்கு எதிரே வராமல் இருக்கவே மறந்தேன் என்பது மீதி.

மறுநாள் கொண்டுபோய்ப் போட்டேன். மாப்பிள்ளையின் குரல் வெட்டிய இடத்திலிருந்து சட்டென்று எழுந்தது, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள்போல. "தலை இல்லாம இருக்கு" என்றாள். நிறுத்தச் சொல்லி, என் விரலைப் போனின் மேல் வைக்கச் சொன்னாள். "நான் தட்டினப்புறம் ஒரு மூச்சு விட்டு அமுக்கு." அவள் தட்டினாள். டக், டக். நான் அமுக்கினேன். அவர் பாடினார். நொண்டல் இல்லை, தயக்கம் இல்லை. ஒவ்வொரு நீள ஸ்வரமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பதினோரு முறை கேட்டாள். நான் எண்ணினேன். சுழித்ததும் பதினோரு இடம்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாட்டை என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காத. எல்லாத்தையும் நீதான எண்ணுவ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெருவில் நின்றபடியே டைரக்டருக்குப் போன் செய்தேன். மெட்டு என்னுடையது இல்லை என்றேன்.

"கேஸ் கீஸ் வருமா சார்?"

"வராது. போட்டவர் உயிரோட இல்ல. என் மாப்பிள்ளை. இசைன்னு அவர் பேரைத்தான் போடணும்."

"மொத்தமே ஒரே பாட்டு சார். அப்போ உங்க பேரை எங்க போடறது?"

"நோட்ஸ்னு போடுங்க."

"நோட்ஸ்னு எவன் சார் போடறான்?"

"அப்போ போடாதீங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வீடு வரும்வரை வயிறு எரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்தேன். உடைத்தது சரிதான் என்று தெரிந்தும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை பதிவுக்குத் தங்கையை அழைத்துப் போனேன். எட்டு வயலின், இரண்டு செல்லோ, ஒரு புல்லாங்குழல். பேஸ் வரியை மட்டும் நான் எழுதியிருந்தேன்: முதல் தடவை 'ஸ' மேல், இரண்டாம் தடவை 'ம' மேல். எட்டு வருஷத்துக்குப் பதிலாக அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்தது. தங்கையை மைக்குக்கு முன்னால் ஒரு மர மேசையில் உட்கார வைத்தேன். "இவங்க என்ன வாத்தியம் சார்?" என்று மூத்த வயலின்காரர் கிண்டலாகக் கேட்டார். "தலை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் எண்ணவில்லை. அவள் தட்டினாள், எல்லோரும் ஒரு மூச்சு விட்டு எடுத்தார்கள்.

முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார். "சார், முன்னாடி ரெண்டு தட்டுச் சத்தம் இருக்கு. வெட்டிரவா?"

"கை வெச்சா விரலை ஒடிச்சிடுவேன்" என்றேன். தங்கை சிரித்தாள். பதினாலு மாதத்தில் முதல் தடவை.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு என் அறையில் போய் உட்கார்ந்தேன். பாதியில் விட்ட நானூற்றுப் பன்னிரண்டாம் பாட்டை எடுத்து வைத்தேன். ஜன்னலில் செருகிய காகிதத்தை உருவினேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து மாடி ஏறி ஓடினேனோ, அது இல்லாமல் அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

கடைசியில் நானே நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு மூச்சு விட்டுக் காத்திருந்தேன். யாரும் பாடவில்லை.